தேவகி அக்கா என்னோடு பேசாமல் போனது

தேவகி அக்கா இறந்துவிட்ட செய்தியைச் சரோஜாதான் போன் போட்டுச் சொன்னாள். நான் அடுப்பில் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன். "மாலா, தேவகி அக்கா போய்ட்டாங்கலா. காலைலதான், ஆஸ்பத்திரில" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் அடுப்பை அணைக்கவில்லை. அடிபிடிக்காமல் கிளறிவிட்டபடியே, "எத்தன மணிக்கு எடுக்கிறாங்க?" என்று கேட்டேன். போனை வைத்த பிறகு எனக்குள் முதலில் வந்தது துக்கம் இல்லை, எரிச்சல். நன்றாக ஏமாற்றிவிட்டுப் போய்விட்டாரே என்று இருந்தது. இனிமேல் காரணத்தை நான் யாரிடம் போய்க் கேட்பது?

காரணம் என்றால், அக்கா என்னோடு பேசாமல் இருந்ததற்கான காரணம். சென்ற தைப்பூசம் முடிந்து, பந்தலைப் பிரித்து, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்த அன்று மாலை என்னிடம் பேச்சை நிறுத்தினார். பிறகு பேசவே இல்லை. அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நம் தண்ணீர்ப்பந்தல் குழுவின் இந்த வருட மலருக்கு அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். "நீதான் அவங்களுக்கு ரொம்ப நெருக்கம், நாலு நல்ல வார்த்தை எழுது, போதும்" என்றாள் சரோஜா. நல்ல வார்த்தைகளை எல்லாம் நீங்களே வாட்ஸ்அப்பில் எழுதித் தீர்த்துவிட்டீர்கள். அன்னபூரணி என்றீர்கள், தாய் என்றீர்கள், ஒருத்தி தெய்வம் என்றே போட்டிருந்தாள். மிச்சம் இருப்பதை நான் எழுதுகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போகும் சாலையில் தைப்பூசத்தன்று வரிசையாகப் போடும் பந்தல்களில் நம்முடையதும் ஒன்று. காவடி எடுப்பவர்களுக்கும் கூட வருபவர்களுக்கும் மோரும் ரோஸ் சிராப்பும் பிரட்டிய மீஹூன் சேமியாவும் கொடுக்கிறோம். பெண்களே நடத்தும் பந்தல். அதைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய் அரிசிக்கும் சீனிக்கும் ஆள் பிடித்து, ஜெலுத்தோங்கில் தன் வீட்டுப் பின்பக்கத்தையே சமையல்கட்டாக்கியவர் தேவகி அக்கா. இதில் ஒரு வார்த்தைகூட மாற்றுக் கருத்து இல்லை.

அக்கா யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அது அவருக்குப் பெருமை. "நான் யாரையாச்சும் ஒரு சொல்லு சொல்லிருக்கேனா? எனக்குக் கோவமே வராது" என்று அடிக்கடி சொல்வார். உண்மைதான், சொல் வராது. இருக்கிற சொல்லும் நின்றுபோகும். நேற்றுவரை "சாப்ட்டியா மாலா, இந்தச் சேல உனக்கு எடுப்பா இருக்குலா" என்று இருந்தவர், இன்று நாம் உள்ளே நுழைந்தால் நம்மைத் தாண்டி மதில் சுவரைப் பார்ப்பார். நாம் கைக்கு எட்டும் தூரத்தில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருப்போம். அவர் சரோஜா பக்கம் திரும்பி, "முட்டகோஸ இன்னும் பொடியா நறுக்கணும்னு அவங்ககிட்ட சொல்லு" என்பார். சரோஜா நம் பக்கம் திரும்பி அதையே ஒரு சொல் மாறாமல் சொல்வாள். "சரின்னு சொல்லு" என்போம் நாம். சரோஜா மறுபடி அந்தப் பக்கம் திரும்புவாள். அவளுக்குக் கழுத்து வலி வந்ததே இதனால்தான் என்று நான் வெகுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பேச்சு நின்றவருக்கு இடமும் மாறும். அக்காவுக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்தவர் பின்னால் குழாயடிக்குப் போய்ப் பாத்திரம் கழுவ வேண்டும். யாரும் போகச் சொல்வதில்லை. மற்றவர்கள் லேசாக நகர்ந்து உட்கார்ந்து இடத்தை அடைத்துவிடுவார்கள், நமக்கே புரிந்துவிடும். நீங்கள் எல்லோருமே அந்தக் குழாயடியில் உட்கார்ந்தவர்கள்தான். இன்னொருத்தி அங்கே போனதும், அப்பாடா, இந்தத் தடவை நான் இல்லை என்று மூச்சு விட்டவர்களும் நீங்கள்தான். அன்றைக்கு அக்கா சொல்லும் சாதாரணப் பேச்சுக்குக்கூட வழக்கத்தைவிடச் சத்தமாகச் சிரிப்பீர்கள். சாவு வீட்டில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதபோது இது ஒருத்திக்காவது ஞாபகம் வந்ததா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. மரியாதைக்காக அன்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

என்ன தப்பு என்று மட்டும் சொல்லவே மாட்டார். யாராவது அழுதுகொண்டே கேட்டால், "தப்பு செஞ்சவங்களுக்குத் தெரியும்னு சொல்லு" என்று சரோஜா வழியாகப் பதில் வரும். நாமே மண்டையைக் குடைந்து கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஏதாவது பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், கண்டுபிடித்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால், "போனாப் போவுது, உள்ள வா" என்பார். அந்த "உள்ள வா" கேட்டதும் நமக்கு அழுகையே வந்துவிடும், அவ்வளவு ஆறுதலாக இருக்கும். மன்னித்தவர் அவர், தப்பு என்னவென்று கடைசிவரை வாயைத் திறந்து சொல்லாதவரும் அவர்.

நாங்கள் புதுவீடு குடிபோன வருடம் என் முறை வந்தது. நானும் ரவா லட்டு பிடித்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் யோசித்து ஒரு தப்பைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வாசலில் நின்றபடியே, "அக்கா, மீஹூன்ல உப்பு கூடிப்போச்சுன்னு நான் சொன்னது தப்புதான், மனசுல வச்சிக்காதீங்க" என்றேன். அத்தனை நாள் மதிலைப் பார்த்தவர் அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"என் மீஹூன்ல உப்பா? யாருகிட்ட சொன்ன?"

"சரோஜாகிட்டதான்கா... சும்மா ஒரு பேச்சுக்கு..."

அவருக்கு அது தெரியவே தெரியாது! நானாகக் கொண்டுபோய்க் கொடுத்த தப்பு அது. லட்டு டப்பாவை வாங்காமலேயே உள்ளே போய்விட்டார். அடுத்த சமையலில் குழாயடியில் நானும் சரோஜாவும் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். தூது சொல்ல ஆள் இல்லாமல் அக்கா தன் மகள் பிரேமாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உண்மையான காரணம் வெகு நாள் கழித்துப் பிரேமா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. புதுவீட்டில் முதல் விளக்கை என் நாத்தனார் ஏற்றினாளாம், அக்காவை ஏற்றச் சொல்லவில்லையாம். என் வீட்டு விளக்கு, என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்தவள் ஏற்றினாள். இதற்கு நான் லட்டு பிடித்திருக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்து ஏன் கூடவே இருந்தாய் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். இதற்குப் பதில் சொன்னால் அக்காவுக்குச் சாதகமாகப் பேசுவதுபோல் ஆகிவிடும், இருந்தாலும் சொல்ல வேண்டும். வெள்ளம் வந்த வருடம் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். யாரும் தெருவில் இறங்கப் பயந்த நேரத்தில், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தலையில் சோற்றுச் சட்டியோடு வந்தவர் தேவகி அக்கா. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆப்பரேஷன் நடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் கஞ்சி காய்ச்சி அனுப்பினார். அன்பே இல்லாத பொம்பளை என்றால் நாம் எல்லோரும் எப்போதோ போய்த் தொலைந்திருப்போம். அவர் கொடுத்துப் பழக்கிவிட்டுப் பிடுங்கிக்கொள்வார். திரும்பக் கொடுப்பார் என்று நாம் குழாயடியில் காத்துக் கிடப்போம்.

கடைசி முறை நான் காத்திருக்கவில்லை. பலகாரம் செய்யவில்லை, வாசலில் போய் நிற்கவில்லை, என்ன தப்பு என்று யோசிப்பதையும் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். இந்தத் தடவை நீங்கள் வாங்க அக்கா, பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். இடையில் அவருக்கு உடம்பு முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியும். எந்த வார்டு என்றும் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் வாசலிலேயே இறங்கலாம். நான் போகவில்லை. நேரம் இல்லாமல் இல்லை. வேண்டுமென்றேதான் போகவில்லை.

சாவு வீட்டில் பிரேமா என் கையைப் பிடித்துக்கொண்டு தனியாக அழைத்துப் போனாள். "ஆண்டி, அம்மா உங்களத்தான் எதிர்பார்த்துக்கிட்டே இருந்தாங்க. கதவு தெறக்கிற சத்தம் கேட்டாப் போதும், மாலாவான்னு கேப்பாங்க" என்றாள்.

"எதுக்கும்மா என்மேல கோவம்? உன்கிட்ட சொன்னாங்களா?"

"நான் கேட்டேன் ஆண்டி. அவளுக்குத் தெரியும்னு சொல்லிட்டாங்க."

சாகக் கிடந்தபோதும் அதே பதில்தான். பிரேமா அழுதாள், நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் என் கண் காய்ந்துதான் இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் என் பெயரைச் சொன்னார் என்று கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. ஆமாம், சந்தோஷம்தான். நன்றாகக் காத்திருக்கட்டும், நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று நினைத்தேன். கோடித்துணி போட்டு, வாய்க்கரிசி போட்டுவிட்டு வீடு திரும்பும்வரை அந்தச் சந்தோஷம் என்னோடு வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் நானும் என் மகன் முகிலனோடு பேசாமல் இருந்தேன். அவன் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தான், தினமும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டிப் போய் வருவான். சிங்கப்பூரில் வேலை கிடைத்து, அந்த வாரக் கடைசியில் கிளம்புவதாக இருந்தான். எனக்கு அவன்மேல் கோபம். என்ன கோபம் என்று சொல்லவில்லை. "சாப்பாடு மேசைல இருக்குன்னு அவன்கிட்ட சொல்லுங்க" என்று அவனுடைய அப்பாவிடம் சொல்வேன். மேசைக்கு அந்தப் பக்கம்தான் அவன் உட்கார்ந்திருப்பான். ஒற்றைப் பிள்ளை ஊரைவிட்டுப் போகிற வாரத்தில் என் வீட்டில் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

சாவு வீட்டுக்குப் போய்வந்து தலைக்குக் குளித்துவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். முகிலன் எனக்குப் பிடித்த கடையிலிருந்து அப்பம் கட்டிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றான். என் வீட்டுக்காரர் மேசையில் இருந்தார்.

"அம்மா, சாரிமா. நம்ம காடி கதவுல அந்தக் கோடு விழுந்துச்சே, அது நான்தான். பாசார்ல காய் வாங்க நிறுத்தினப்ப வேற யாரோ இடிச்சிட்டாங்கன்னு பொய் சொன்னேன்."

எனக்கு அது தெரியாது.

"அது இல்லியா? அப்ப, சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு வராததா? நைட் ஷிப்ட்டுன்னு சொன்னது பொய்தான்மா. தூங்கிட்டேன்."

அதுவும் எனக்குத் தெரியாது. அவன் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அடுத்த தப்பைத் தேடிக்கொண்டிருந்தான். நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் இனித்தது. இன்னும் கொஞ்சம் தேடட்டும் என்று இருந்தது. வாயில் ஒரு வாக்கியம் தயாராக வந்து நின்றது. அவன் அப்பா பக்கம் திரும்பி, "செஞ்சவனுக்குத் தெரியும்னு சொல்லுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் சாதாரணமாக எதையும் எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. அன்று கையில் இருந்த தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டு, "நான் சொல்ல மாட்டேன். அவன் அங்கதான் நிக்கிறான், உனக்கு வாய் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். அப்போதுதான் நான் சொன்ன வாக்கியம் என் காதிலேயே விழுந்தது. யாருடைய வாக்கியம் அது! அந்த இனிப்பும் எனக்குத் தெரிந்த இனிப்புதான். கொஞ்ச நேரத்துக்கு முன்பு சாவு வீட்டிலிருந்து பஸ்ஸில் அதைத்தான் சப்பிக்கொண்டு வந்திருந்தேன். ஒருவர் கதவையே பார்த்துக் கிடப்பதில், ஒருவர் தெரியாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு நிற்பதில் இவ்வளவு ருசி இருக்கிறது என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. முகிலன் கையில் அப்பப் பொட்டலம் ஆறிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் பயம் இருந்தது. வளர்ந்து, மீசை வைத்து, வேறு நாட்டுக்கு வேலைக்குப் போகிற ஆண் பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் பயந்தபடி நின்றான்.

"சிங்கப்பூர் வேல கெடச்சத நீ சரோஜாகிட்ட மொதல்ல சொல்லிட்ட" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. "பூக்கடைல நிக்கிறேன், அவ வந்து, உன் மகன் போறானாமேங்கிறா. எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சிரிச்சேன்."

அவன் அப்பப் பொட்டலத்தை மேசையில் வைத்தான்.

"இவ்வளவுதானாமா?"

இவ்வளவுதான். உள்ளே இருந்தவரை வீடு கொள்ளாத கோபமாக இருந்தது, வாயால் சொன்னதும் சின்னதாகிவிட்டது. சரோஜா ஆண்டியை வழியில் பார்த்தேன், எப்படியோ வாயில் வந்துவிட்டது என்றான். பிறகு, "உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு ஒரு வாரமா நெனச்சேன்மா. சொன்னா மூஞ்சி மாறிரும். அப்புறம் பேச மாட்டீங்க. அதான் தள்ளிப்போட்டேன்" என்றான். நான் பேசாமல் இருந்துவிடுவேன் என்று பயந்துதான் அவன் என்னிடம் சொல்லவில்லை. அவன் சொல்லாததற்குத்தான் நான் பேசாமல் இருந்தேன். இப்படிப் பேசாமல் இருப்பதை அக்கா வீட்டுப் பின்கட்டில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கல்யாணமான புதிதிலேயே நான் இப்படித்தான் என்கிறார் என் வீட்டுக்காரர். என்னிடம் முன்பே இருந்ததுதான் போலிருக்கிறது, அக்காவிடம் நன்றாகப் பழகிக்கொண்டேன்.

"நான் தேவகி அக்கா மாதிரி ஆயிட்டேன்டா" என்றேன். அவன் இல்லை என்று சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அப்பத்தைப் பிரித்துத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினான்.

என் தப்பைக் கண்டுபிடித்துவிட்டதால் அக்காவை மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்தால், இல்லை. மன்னிக்கவில்லை. என்னிடம் இருக்கும் நோய் என்னவென்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். அதே நோயை அவர் இத்தனை பெண்களுக்கு ஊட்டிவிட்டார் என்ற கோபம் இப்போது முன்பைவிட அதிகமாக இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் யாரோடு பேசாமல் இருக்கிறோம்? யாரை நடுவில் நிறுத்திக் கழுத்து வலிக்க வைக்கிறோம்? பந்தலுக்கு வரும்போது என்னிடம் சொல்ல வேண்டாம். வீட்டிலேயே சொல்லிக்கொள்ளுங்கள். இந்த வருடம் அந்தக் குழாயடியில் தனியாக யாரையாவது உட்கார வைத்தீர்கள் என்றால், நான் என் மணையைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் பக்கத்தில் உட்காருவேன், எதற்காக அவளை ஒதுக்கினீர்கள் என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்பேன். நான் கேட்டால் எப்படிக் கேட்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

பந்தல் பதாகையில் அக்காவின் பெயரைப் பெரிதாகப் போடப் போகிறீர்கள். போடுங்கள், அந்த மரியாதை அவருக்கு உரியதுதான். நானும் அவருடைய பெயரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் வேறு வேலைக்கு. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம், "தேவகி வந்தாச்சா?" என்று கேட்கிறார். முகிலனும் கற்றுக்கொண்டான். எங்கள் வீட்டில் அந்தக் கெட்ட பழக்கத்துக்கு அதுதான் பெயர். எனக்கே ரோஷமாகத்தான் இருக்கும், ஆனாலும் வாயைத் திறந்துவிடுவேன். அக்காவுக்கு இது தெரிந்தால் என்னோடு இன்னும் ஏழு ஜென்மத்துக்குப் பேச மாட்டார். பேச வேண்டாம். அவர் எனக்குக் காரணம் சொல்லாமல் போனதற்கு, நான் அவர் பெயருக்குச் செய்கிற மரியாதை இதுதான்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு முகிலன் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தான். லீவு கிடைக்கவில்லை, வர முடியாது என்றான். முறுக்கு சுட்டு முடித்திருந்தேன். அவனுக்கு எடுத்த சட்டை கட்டில்மேல் கிடந்தது. போனை அவன் அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அம்மா? லைன்ல இருக்கிறது யாரு? நீங்களா, தேவகி ஆண்டியா?"

"நான்தான்டா" என்றேன். "எனக்குக் கோவமா இருக்கு. நீ வரலன்னு ரொம்பக் கோவமா இருக்கு."

"சரிமா" என்றான் அவன். "திட்டுங்க."

நான் வாய் வலிக்கத் திட்டினேன்.